மெய்யோடு மெய் சேரலாமா? செயற்கை மொழி உருவாக்குவோர் முன் உள்ள நான்கு வழிகள்

கன்னியாகுமரி மாவட்டத் தக்கலையில் சில வாரங்களுக்கு முன் கல்லூரி மாணவர் மூவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார்கள். கணினி விளையாட்டு ஒன்றில் வரும் கற்பனைத் தீவின் மக்களுக்காக அவர்கள் ஒரு மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். தாளின் இடப்பக்கம் ‘த்ரக்‌ஷு’, ‘ஸ்ப்லின்’, ‘வ்ரோஸ்க்’ என்று ஒரு வரிசை; வலப்பக்கம் ‘மானோ’, ‘லாகுவி’, ‘தேசெமு’ என்று இன்னொரு வரிசை. ஒருவருக்கு இடப்பக்கம் பிடித்திருந்தது, இன்னொருவருக்கு வலப்பக்கம்; இரண்டையும் கலந்துவிட்டால் சண்டை தீரும் என்றார் மூன்றாமவர். கதைக்காகவும் நாடகத்துக்காகவும் மொழி செய்கிற வேறு சில வாசகர்களும் இதே இடத்தில் நின்று என்னிடம் கேட்டிருப்பதால், அந்த மூவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

கேள்வி இதுதான்: நடுவில் உயிர் இல்லாமல் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வர ஒரு மொழி எந்த அளவுக்கு இடம் தரலாம்? தமிழ் இலக்கணம் இதை மெய்ம்மயக்கம் என்கிறது. ‘பக்கம்’ என்பதுபோல் ஒரே மெய் இரட்டித்தால் உடனிலை. ‘பங்கு’ என்பதுபோல் வேறு மெய்கள் சேர்ந்தால் வேற்றுநிலை. தொல்காப்பியம் தன் முதல் இயலான நூல்மரபிலேயே இந்தக் கணக்கைத் தொடங்கிவிடுகிறது. அந்நூலைக் கேட்டுத் தெளிந்தவராகப் பாயிரம் சொல்லும் அதங்கோட்டு ஆசான், நம் விளவங்கோடு வட்டத்து அதங்கோட்டைச் சேர்ந்தவர் என்று பலரும் கருதுகிறார்கள். எனவே இது நமக்கு வெளியூர்ச் சரக்கன்று.

## எதை வைத்து அளப்பது

முதலில் பார்க்க வேண்டியது, அந்த மொழியை யார் தம் வாயால் பேசப்போகிறார்கள் என்பது. தாளில் மட்டும் வாழும் மொழிக்கு எத்தனை மெய்களை அடுக்கினாலும் யாருக்கும் கேடில்லை. பேசப்படும் மொழி என்றால் பேசுவோரின் தாய்மொழி தன் பங்கைக் கேட்கும். அந்த மாணவர்களின் தாளை எடுத்துக்கொண்டு இரணியலில் இருக்கும் என் சித்தியிடம் போனேன். ‘ஸ்ப்லின்’ என்பதை மூன்று முறை சொல்லிக்காட்டி, அசைக்கு ஒரு தட்டாக மேசையில் தட்டிக்கொண்டே சொல்லுமாறு கேட்டேன். நான் ஒரே ஒரு தட்டுத்தான் தட்டியிருந்தேன். அவர் ‘இஸ்பிலின்’ என்று மூன்று தட்டு தட்டினார். “சித்தி, முதல்ல இ இல்ல” என்றேன். “நான் எங்க மக்கா இ சொன்னேன்? நீ சொன்னதத்தானே சொன்னேன்” என்றார். கைபேசியில் பதிந்திருந்ததைப் போட்டுக்காட்டியபோது, அது தம் குரல் என்பதை ஒப்புக்கொண்டாரே தவிர, இகரத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

சித்தி பிடிவாதத்தால் அப்படிச் சொல்லவில்லை. தாய்மொழியில் இல்லாத மெய்க்கூட்டைக் கேட்கும்போது காதே நடுவில் ஒரு உயிரைப் போட்டுக்கொள்ளும். ‘எப்ஸோ’ போன்ற சொல்லை ஒலிக்கச் செய்தபோது ஜப்பானியர்கள் அதில் இல்லாத உகரத்தைக் கேட்டார்கள் என்று 1999இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அதாவது, பயிற்சி கொடுத்து நாக்கைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை பாதி தூரம்தான் செல்லும்.

களியக்காவிளைப் பக்கத்தில் மலையாள வழியில் படித்த நண்பர் ஒருவர் அதே ‘ஸ்ப்லின்’ என்பதை ஒரே தட்டில் சொன்னார். மலையாளத்தில் வடசொற்களின் முதலில் ‘ப்ர’, ‘ஸ்த்ர’ எல்லாம் வருவதால் அவருக்கு அது புதிதன்று. ஆனால் ‘வ்ரோஸ்க்’ என்பதன் முடிவில், தம்மை அறியாமலே அரை உகரம் ஒன்றைச் சேர்த்தார், ஏனென்றால் வல்லினத்தில் சொல்லை முடிப்பது மலையாளத்துக்கும் வழக்கமில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்து, இன்றும் இரு மொழிகளும் புழங்குகிற இந்த மாவட்டத்தில், ஒரே தெருவில் வெவ்வேறு எல்லைகள் உள்ள இரண்டு வாய்கள் கிடைக்கும். மொழி செய்பவருக்குச் செலவில்லாத ஆய்வுக்கூடம் இது.

இரண்டாவது அளவுகோல் குறுஞ்சொற்களின் எண்ணிக்கை. கூட்டுகள் குறையக் குறைய அசைகள் குறையும். அசைகள் குறைந்தால் சொற்கள் நீளும், அல்லது ஒன்றுபோல் ஒலிக்கும். மூன்றாவது, வெளிப்பெயர்கள் உள்ளே வரும்போது எந்த அளவுக்குச் சிதைகின்றன என்பது. நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு சொற்களோ, சொல்லும் ஒட்டும் சேரும்போது, சேருமிடத்தில் என்ன நடக்கும்? தனிச்சொற்களை எவ்வளவு அழகாக வடித்தாலும், ‘-க்’ என்று முடியும் சொல்லும் ‘ஸ்த்-’ என்று தொடங்கும் சொல்லும் கைகோக்கும் நாள் வந்தே தீரும். நான்கில் எனக்கு இதுவே கனமானது. காரணம் கீழே வரும்.

## முதல் வழி: மெய் சேராத மொழி

இதன் தூய வடிவத்தைத் தோக்கி போனாவில் காணலாம். கனடாவைச் சேர்ந்த சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட இம்மொழியில் ஒன்பது மெய்கள், ஐந்து உயிர்கள் மட்டுமே உள்ளன. ஓர் அசையில் ஒரு மெய், ஒரு உயிர், விரும்பினால் முடிவில் ஒரு ‘ன்’, அவ்வளவுதான்; சொல்லின் முதல் அசையில் மட்டும் அந்த மெய் இல்லாமலும் இருக்கலாம். யி, தி, வு, வோ என்ற நான்கு சேர்க்கைகளுக்கு இடமில்லை. கணக்கிட்டுப் பார்த்தால் மொத்தம் 92 அசைகள் கிடைக்கின்றன.

தமிழ் வாய்க்கு இதைவிட எளிய செயற்கை மொழி கிடைப்பது அரிது. க-வும், ‘தங்கம்’ என்பதில் வருவதுபோல் தொண்டை அதிரப் பிறக்கும் அதன் அதிர்வுள்ள ஒலியும் அதில் வேறு எழுத்துகள் அல்ல. எப்படி ஒலித்தாலும் பொருள் மாறாது. சித்தி வலப்பக்க வரிசை முழுவதையும் ஒரு தட்டுகூடப் பிசகாமல் சொன்னார்.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. மேற்சொன்ன அசைகளைக் கொண்டு 6,600க்கும் மேற்பட்ட ஈரசைச் சொற்களைத் தாளில் உண்டாக்கலாம். ஆனால் ‘சாமா, சானா, சமே, சனே’ என்று அவை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே நிற்கும். தோக்கி போனா தப்பித்துக்கொள்வதற்குக் காரணம், அது 120 சொற்களை ஒட்டிய சிறிய மொழியாக நின்றுகொண்டதுதான். மூவாயிரம் சொற்கள் வேண்டும் என்பவர் அதன் ஒலியமைப்பை மட்டும் கடன் வாங்கினால், கேட்பவருக்கு எல்லாம் ஒரே சொல்லாகத் தோன்றும். ‘ப்ல, க்ல’ என்பதுபோல் ஆறே ஆறு தொடக்கக் கூட்டுகளை அனுமதித்தால் அசைகள் 92இலிருந்து 152 ஆகிவிடும் என்பதைப் பார்க்கும்போது, ஒவ்வொரு கூட்டும் எவ்வளவு பெறுமதி உடையது என்பது புரியும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: இத்தனை எளிய மொழியிலும் சேருமிடத்துக்கு விதி தேவைப்பட்டது. சொல்லுக்குள் ‘ன்’-ஐ அடுத்து ம, ந வரக்கூடாது என்று அது தடுக்கிறது. சொற்களை ஒட்டவைக்காமல் தனித்தனியே நிற்கவைப்பதால் மற்றச் சிக்கல்கள் எழவில்லை. உங்கள் மொழியில் வேற்றுமை உருபோ காலம் காட்டும் இடைநிலையோ ஒட்டப்போகிறது என்றால் இந்த நிம்மதி உங்களுக்குக் கிடைக்காது.

பெயர்கள் படும் பாட்டுக்குப் பழைய எடுத்துக்காட்டு வோலாபூக். ஜெர்மானியப் பாதிரியார் ஷ்லெயர் 1879இல் உருவாக்கிய இம்மொழியில், சீனர்களுக்குக் கடினம் என்று ரகரத்தைப் பெரும்பாலும் தவிர்த்தார். உலகம் என்பதற்கான ஆங்கிலச் சொல் ‘வோல்’ ஆயிற்று. பேசு என்பதற்கான சொல் ‘பூக்’ ஆயிற்று. இரண்டும் சேர்ந்ததே மொழியின் பெயர். ஆங்கிலம் அறிந்தவர்கூட அதில் ஆங்கிலத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

பாட்டுக்கு, குழந்தைகளுக்கு, பல தாய்மொழியினர் கூடும் சிறு குழுவுக்கு இந்த வழி நன்று.

## இரண்டாவது வழி: சொல்லின் நடுவில் மட்டும்

தமிழ் எடுத்துக்கொண்ட வழி இது. சொல்லின் முதலில் கூட்டு இல்லை. முடிவில் க், ச், ட், த், ப், ற் நிற்பதில்லை. நடுவில் மட்டும் மெய்கள் சேரும், அதுவும் யாரோடு யார் என்ற ஒழுங்கோடு. ர், ழ் நீங்கலாக எல்லா மெய்யும் தம்மோடு தாம் இரட்டிக்கும். மெல்லினம் தன் இன வல்லினத்தோடு சேரும். ட், ற், ல், ள் ஆகியவற்றை அடுத்து க, ச, ப வரும். ய், ர், ழ் மூன்றின் பின் மட்டும் ‘க்க, த்த, ப்ப, ந்த’ போன்ற இரண்டு மெய்கள் வந்து மொத்தம் மூன்றாகும்.

இந்த விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் ஏறினால் பெயர்ப்பலகைகளிலேயே படித்துவிடலாம். திற்பரப்பு என்பதில் ற்-ஐ அடுத்து ப. ஆரல்வாய்மொழியில் ல்-ஐ அடுத்து வ, ய்-ஐ அடுத்து ம. வேர்க்கிளம்பியிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மும்மெய். மார்த்தாண்டம் வடசொல்லிலிருந்து வந்தது எனினும், ‘ர்த்த’ தமிழ் விதிக்குள் அடங்கிவிட்டதால் யாரும் அதைத் திருத்த நினைக்கவில்லை. பத்மநாபபுரத்தின் ‘த்ம’ அடங்கவில்லை. அதனால் பழைய தமிழ் அதைப் பதுமம் என்றும் பற்பம் என்றும் மாற்றிப் பார்த்தது.

இவ்வழியின் பெருஞ்சிறப்பு, சேருமிடத்துக்கான விதி அதற்குள்ளேயே இருக்கிறது என்பது. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். பொன்னோடு குடம் சேர்ந்தால் பொற்குடம். எந்தக் கூட்டு ஆகாதோ அதை ஆகும் கூட்டாக மாற்றித் தருவதே புணர்ச்சி. கூட்டு விதியும் புணர்ச்சி விதியும் ஒரே துணியின் இரண்டு பக்கங்கள் என்று தமிழ் இலக்கணிகள் நினைத்ததுபோல் செயற்கை மொழி செய்வோர் பலர் நினைப்பதில்லை.

கதை எழுதுவோருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. மாங்காய் மலையாளத்தில் மாங்ங ஆகிறது; பஞ்சு பஞ்ஞி ஆகிறது; வந்து என்பது வந்நு ஆகிறது. மெல்லினம் பக்கத்து வல்லினத்தை விழுங்கிவிடும் ஒரே ஒரு மாற்றம்தான். அதைக் கொண்டே ஒரு மொழியிலிருந்து கிளைமொழி ஒன்றைப் பிரித்துக்காட்டிவிடலாம். தீவின் வடகரை மக்கள் ‘ங்க’ என்கிறார்கள், தென்கரை மக்கள் ‘ங்ங’ என்கிறார்கள் என்று வைத்தால், யார் எந்த ஊர் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துபோகும்.

மறைந்திருக்கும் விலை இரண்டு. ஒன்று, உங்கள் மொழி தமிழின் தம்பிபோல் ஒலிக்கும். அயல்மை வேண்டுபவருக்கு இது குறை. மற்றொன்று நுட்பமானது. தமிழில் ‘பாடு’, ‘பாட்டு’ என்ற இரண்டும் நீளத்தால் மட்டும் வேறுபடுவதில்லை. உயிர்களின் நடுவே தனி ட் அதிர்ந்து ஒலிக்கிறது, இரட்டித்த ட் அதிர்வதில்லை. நாம் இதை அறிந்து செய்வதில்லை. உங்கள் மொழியில் ‘அபா’, ‘அப்பா’ இரண்டிலும் ஒரே ப ஒலி, நீளம் மட்டும் வேறு என்று விதித்தால், தமிழ் பேசுவோர் அனைவரும் முன்னதை அதிர்த்தே சொல்வார்கள். ஆகவே எந்த இடத்தில் ஒலி எப்படி மாறும் என்பதை எழுத்துப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இரட்டிப்புப் பழக்கமில்லாத ஆங்கிலம் போன்ற மொழியினருக்கோ ‘கனி’, ‘கன்னி’ இரண்டும் ஒன்றுபோல் கேட்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

## மூன்றாவது வழி: பட்டியல் போட்டு அனுமதிப்பது

லோஜ்பான் என்ற செயற்கை மொழி இதற்குச் சான்று. ஜேம்ஸ் குக் பிரவுன் 1955இல் தொடங்கிய லோக்லான் என்ற மொழியிலிருந்து பிரிந்தவர்கள் 1987இல் இதை வடிக்கத் தொடங்கினார்கள். இதில் 17 மெய்கள். இரண்டு இரண்டாகச் சேர்த்தால் 289 சோடிகள் வரும்; அவற்றில் சொல்லின் முதலில் வர அனுமதி பெற்றவை 48 மட்டுமே. பூனை ‘ம்லாது’, நபர் ‘ப்ரேனு’, கற்பித்தல் ‘ஷ்துஷா’. சொல்லின் நடுவில் வருபவற்றுக்குத் தனி விதிகள்: ஒரே மெய் இரட்டிக்கக்கூடாது, அதிர்வுள்ளதும் அதிர்வற்றதும் அடுத்தடுத்து நிற்கக்கூடாது (இதற்கு ல, ம, ந, ர மட்டும் விலக்கு), ஷ, ஸ போன்ற உரசொலிகள் நான்கில் இரண்டு சேரக்கூடாது, இவற்றுக்கு மேல் பெயர் சொல்லித் தடுக்கப்பட்ட சில சோடிகள்.

தமிழுக்கு மிகவும் பிடித்த இரட்டிப்பே இங்கே முதல் தடை என்பது வேடிக்கை. அக்கா, தம்பி இருவரில் தம்பிக்குத்தான் லோஜ்பானில் இடம் கிடைக்கும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. லோஜ்பானில் கூட்டு மெய் ஒலிக்காக மட்டும் இல்லை. அது வேலை செய்கிறது. ஏதேனும் ஒன்றைச் சொல்லும் பொருட்சொற்களின் முதல் ஐந்து எழுத்துக்குள் கூட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். இலக்கணத்துக்கு உதவும் சிறு சொற்களில் கூட்டே இருக்காது. பெயர்கள் மெய்யில் முடியும். இடைவெளி விடாமல் ஓடும் பேச்சில்கூட எந்தச் சொல் எங்கே தொடங்குகிறது என்பதை ஐயமின்றிப் பிரித்துவிடலாம். சேருமிடத்துக்கும் ஏற்பாடு உண்டு: இரண்டு வேர்கள் ஒட்டும்போது ஆகாத சோடி உண்டானால் நடுவில் ஒரு மங்கலான உயிர் வந்து அமரும்.

வாய் வராதவர்களுக்கும் ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். கூட்டைச் சொல்ல முடியாதவர் நடுவில் மிகக் குறுகிய உயிர் ஒன்றைச் செருகலாம். அது அம்மொழியின் ஆறு உயிர்களில் எதுவாகவும் கேட்கக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. சித்தி போடும் இகரம் அந்த ஆறில் ஒன்று, ஆகவே செல்லாது. உதடு குவியாத நம் குற்றியலுகரம் ஓரளவு உதவும் என்பது என் எண்ணம், ஆனால் அதைச் சற்று நீட்டினாலும் ஆறாவது உயிரான அந்த மங்கலான ஒலியோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

விலை வெளிப்படை: பட்டியல் இல்லாமல் யாரும் ஒரு புதுச் சொல்லை ஆக்க முடியாது. கணினி பிரித்துப் படிக்க வேண்டிய மொழிக்கும், புதிர் விடுவிக்கும் விளையாட்டுக்கும், விதியைக் கண்டுபிடிப்பதே சுவை என்று இருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். மேடைக்குப் பொருந்தாது.

## நான்காவது வழி: கட்டை அவிழ்த்துவிடுவது

1887இல் வார்சாவில் சாமன்ஹோஃப் வெளியிட்ட எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியின் இலக்கணம் பதினாறு விதிகளில் அடங்கிவிட்டது. எழுதியபடியே படிக்க வேண்டும் என்று ஒரு விதி. அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் என்று ஒரு விதி. சொற்களை அப்படியே ஒட்டிக் கூட்டுச்சொல் ஆக்கலாம் என்று ஒரு விதி. எந்த மெய்யோடு எந்த மெய் சேரும் என்று மட்டும் விதி இல்லை. ஐரோப்பிய மொழிகளில் பழகிய காதே அங்கே விதியாக நின்றது. பையன் ‘க்நாபோ’, அறிதல் ‘ஸ்த்ஸீ-இ’, கடிதத்தின் பிற்குறிப்பு ‘போஸ்த்ஸ்க்ரீபோ’, அதன் நடுவில் ஐந்து மெய்கள் வரிசையாக நிற்கின்றன.

ஐரோப்பியச் சொல்லறிவு உள்ளவர்க்கு வரும் நன்மை பெரிது: சொற்கள் தம் முகத்தை இழப்பதில்லை. ஆங்கிலம் படித்த நம் மாணவர் பாதிச் சொற்களின் பொருளை ஊகித்துவிடுவார். ஆனால் உயிர் செருகும் நம் பழக்கம் இங்கே இரட்டைச் சேதம் செய்யும். ‘ஆக்வோ’ என்றால் நீர், ஈரசை, அழுத்தம் முதல் அசையில். நாம் அதை ‘ஆகுவோ’ என்று மூன்றசை ஆக்கிவிட்டால், அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்ற கணக்கும் சேர்ந்து குழம்பும். சேருமிடத்துக்கு எஸ்பெராந்தோ பேசுவோர் கண்ட வழி எளியது: முன்சொல்லின் ஓகாரத்தை விடாமல் வைத்துக்கொள்வது. எழுதும் மேசை ‘ஸ்க்ரிப்தாப்லோ’ என்றும் வரும், ‘ஸ்க்ரிபோதாப்லோ’ என்றும் வரும். வாய்க்கு எது இசைவோ அது.

இந்த வழியில் நானே ஒருமுறை கால் இடறியிருக்கிறேன். இளமையில் ஓர் ஆண்டு விழா நாடகத்துக்காக நண்பர்களோடு மொழி ஒன்று செய்தேன். எந்த மெய்யும் எதனோடும் சேரலாம் என்று பெருந்தன்மையாக எழுதிவிட்டு, எதிர்மறைக்கு வினையின் முதலில் ‘த்’ சேர்த்தால் போதும் என்று முடிவு செய்தோம். ‘க்ரமு’ என்றால் வா. ‘த்க்ரமு’ என்றால் வராதே. ஒத்திகையில் தாளைப் பார்த்துப் படித்ததால் எவருக்கும் ஐயம் எழவில்லை. மேடையில் காவலன் கையை உயர்த்தி ‘த்க்ரமு’ என்று முழங்கினான். அரங்கில் கேட்டது ‘கிரமு’. அரசனாக நடித்தவர் வரச்சொல்கிறான் என்று எண்ணி இரண்டடி முன்னே வந்து, பிறகு நினைவு வந்து பின்னே போனார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வல்லினத்தின் முன் நிற்கும் இன்னொரு வல்லினம் வெடிப்பதற்கு முன்பே விழுங்கப்பட்டுவிடும். அந்த இடத்தில் இலக்கணப் பொருளை வைக்கக்கூடாது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஐரோப்பியச் சாயல் வேண்டும் கதைக்கும், எழுத்தில் மட்டும் வரும் மொழிக்கும், ஆங்கில வழியில் படித்த குழு ஒன்றுக்குள் பேசுவதற்கும் இது ஏற்றது.

## முரட்டுத்தனம் கூட்டில் இருக்கிறதா?

இடப்பக்க வரிசையை விரும்பிய மாணவர் சொன்ன காரணம், தீவின் மக்கள் போர்வீரர்கள், அவர்கள் பேச்சு கரடுமுரடாக இருக்க வேண்டும் என்பது. இது பரவலான எண்ணம். ஆனால் ‘ஸ்டார் ட்ரெக்’ திரைக்கதைகளில் வரும் போர்வீரர் இனத்தின் கிளிங்கன் மொழி அதற்கு இடம் தரவில்லை. மார்க் ஓக்ராண்ட் வடித்த, 1985இல் அகராதி கண்ட அம்மொழியில் ஓர் அசை ஒரே ஒரு மெய்யோடுதான் தொடங்கும். முடிவில் சேரக்கூடிய கூட்டுகள் மூன்றே மூன்று. கேட்பவரை மிரளவைப்பவை, தொண்டையிலும் நாவின் ஓரத்திலும் பிறக்கும் அதன் தனி மெய்கள். முரட்டுத்தனம் மட்டுமே நோக்கம் என்றால் மெய்களை அடுக்காமல் மெய்களைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

## நம் ஊர்ப் பெயர்களை உள்ளே விட்டுப் பார்த்தால்

நான்கு வழிகளிலும் வெளிப்பெயர் என்ன ஆகும் என்பதைப் பார்க்க, அவ்வவ்மொழியின் விதிப்படி நானே மாற்றியவை இவை.

| ஊர் | தோக்கி போனா வழி | தமிழ் வழி | லோஜ்பான் வழி | எஸ்பெராந்தோ வழி |
|---|---|---|---|---|
| நாகர்கோவில் | நாகாகோவி | நாகர்கோவில் | நாகர்கோவில் | நாகர்கோவிலோ |
| மார்த்தாண்டம் | மாதாந்தான் | மார்த்தாண்டம் | மார்தாண்டம் | மார்தாண்டமோ |
| பத்மநாபபுரம் | பாதமானாபாபுலான் | பதுமநாபபுரம் | பத்மநாபபுரம் | பத்மநாபபுரமோ |
| திற்பரப்பு | சிபாலாபு | திற்பரப்பு | திர்பரபுஸ் | திர்பரபுவோ |
| கன்னியாகுமரி | கன்யாகுமாலி | கன்னியாகுமரி | கனியாகுமரிஸ் | கன்யாகுமரியோ |

தோக்கி போனா வரிசையில் கன்னியாகுமரி மட்டும் ஏறக்குறைய உயிரோடு தப்பியிருக்கிறது. ‘தி’ தடைப்பட்டதால் திற்பரப்பு அருவியை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பெயர்ச்சொல் ஓகாரத்தில் முடிய வேண்டும் என்ற எஸ்பெராந்தோ விதியால், நாகர்கோவிலோ, மார்த்தாண்டமோ என்று எல்லா ஊரும் நம் காதில் ஐயமாகவே ஒலிக்கும். லோஜ்பானில் முடிவில் வரும் ‘ஸ்’ பெயர் மெய்யில் முடிய வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தது. தமிழ் வழி வென்றுவிட்டது என்று தோன்றலாம். தமிழ்ப் பெயர்களைத் தமிழ் விதியால் அளந்தால் வேறென்ன வரும்? போலந்து நகரங்களான வார்சாவையும் க்ரகோவையும் உள்ளே விட்டால் நிலைமை தலைகீழாகும்.

## அந்த மூவருக்கு நான் சொன்னது

விளையாட்டில் குரல் கொடுக்கப்போகிறவர்கள் அவர்களுடைய தோழர்களே, அனைவரும் தமிழோ மலையாளமோ பேசுபவர்கள். ஆகவே இரண்டாவது வழியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தமிழ்போல் ஒலிக்குமே என்ற கவலைக்கு, தமிழின் கூட்டுகளை அப்படியே எடுக்காமல் சட்டகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: முதலில் கூட்டு வேண்டாம், முடிவில் வல்லினம் வேண்டாம், நடுவில் எவை சேரும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். தமிழில் இல்லாத ‘ம்ல’, ‘வ்ன’ போன்றவை நடுவில் வந்தால், உயிர் முன்னும் பின்னும் தாங்குவதால் நம் வாய்க்கு வந்துவிடும். சித்தி ‘ஆம்லா’ என்பதை இரண்டே தட்டில் சொன்னார்.

கலந்துவிடலாம் என்ற மூன்றாமவரையும் நான் ஒதுக்கவில்லை. கலப்புக்கு மலையாளம் நல்ல முன்மாதிரி: அதன் சொந்தச் சொற்களின் முதலில் கூட்டு வருவதில்லை, வடசொல்லாக வந்தவற்றில் வரும். தீவின் பூசாரிகளும் அரசகுடியும் கடல் கடந்து வந்த சொற்களை ‘த்ர’, ‘ஸ்ப்ல’ என்று சொல்லட்டும். மீன்பிடிப்போர் அதே சொல்லை உயிர் செருகிச் சொல்லட்டும். சொற்களைக் குருட்டாம்போக்கில் கலப்பதற்கும் அடுக்கு அடுக்காகக் கலப்பதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. இதனால் குரல் கொடுப்பவர் தடுமாறினாலும் அது பாத்திரத்தின் குலமாகிவிடும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். உங்கள் வேர்ச்சொற்கள் எந்த மெய்களில் முடியலாம், ஒட்டுகள் எந்த மெய்களில் தொடங்கலாம் என்று மட்டும் எழுதுங்கள். அவர்கள் பட்டியலில் முடிவுக்கு ம், ன், ல், ர் என நான்கும், தொடக்கத்துக்கு க, த, ப, ம, வ என ஐந்தும் இருந்தன. ஆக இருபது சந்திப்புகள். இருபது கட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும் என்று நிரப்பிய பிறகு சொல் ஆக்கத் தொடங்குங்கள். அந்த இருபதில் எஞ்சி நிற்பவைதாம் உங்கள் கூட்டு மெய்கள், தனியாக ஒரு பட்டியல் தேவைப்படாது.

அடுத்த வாரம் வந்தார்கள். பத்தொன்பது கட்டங்கள் நிரம்பியிருந்தன. ம், க-வோடு சேர்ந்து ‘ங்க’. ன், ப-வோடு சேர்ந்து ‘ம்ப’. ல், த-வோடு சேர்ந்து ‘ட்ட’ என்று வைத்திருந்தார்கள், எனக்குப் பிடித்தது. ல்-லும் ம-வும் சந்திக்கும் கட்டம் மட்டும் காலி. தமிழில் கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆகும் என்று எனக்கு வாய்வரை வந்தது. சொன்னால் அப்படியே எழுதிவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டேன். ‘ல்ம’ உள்ள சொற்கள் நான்கைந்து எழுதிக்கொண்டு வாருங்கள், இரணியலுக்குப் போய்ச் சித்தியைச் சொல்லச் சொல்லிக் கேட்போம் என்றேன்.